பிரைவேட் லிமிடெட் கம்பெனியை மூடும்போது நம்மூரில் சறுக்கும் இடங்கள்

ஷட்டரை இறக்கி, போர்டைக் கழற்றி, கட்டட உரிமையாளரிடம் அட்வான்ஸைத் திரும்ப வாங்கியதோடு கம்பெனி முடிந்தது என்று நினைப்பவர்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் நிறையப் பேர். பிரைவேட் லிமிடெட்டுக்கு அது பொருந்தாது. அரசின் கம்பெனிப் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை, ஒரு ரூபாய்க்குக்கூட வியாபாரம் நடக்காவிட்டாலும், ஏஓசி-4 (ஆண்டுக் கணக்கு), எம்ஜிடி-7ஏ (சிறு கம்பெனிக்கான ஆண்டு அறிக்கை) என்ற இரண்டு படிவங்களையும் ஆண்டுதோறும் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. இரண்டும் ஓராண்டு தாமதமானால் 73,000 ரூபாய். அடுத்த ஆண்டும் விட்டால் பழைய மீட்டர் நிற்காது, புதிதாக இன்னொன்றும் ஓடத் தொடங்கும்.

"சும்மா விட்டுடுங்க, கவர்மென்ட்டே பேரை எடுத்துடும்" என்று ஆலோசனை சொல்பவர் எல்லா ஊரிலும் உண்டு. எடுப்பார்கள்தான். 2017-ல் நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளை நீக்கினார்கள், அவற்றின் பேங்க் கணக்குகளையும் முடக்கினார்கள். தொடர்ந்து 3 ஆண்டுகள் தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டரை 5 ஆண்டுகளுக்கு வேறெந்தக் கம்பெனியிலும் டைரக்டராக நியமிக்க முடியாது. அடுத்த தொழிலைப் பதியப் போகும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது.

முறையான வழி, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும்படி நாமே கேட்கும் எஸ்டிகே-2 விண்ணப்பம். கட்டணம் 10,000 ரூபாய். மார்ச்சில் கடையை மூடிவிட்டு ஏப்ரலில் போட முடியாது. முந்தைய இரண்டு நிதியாண்டுகளில் வியாபாரம் நடந்திருக்கக் கூடாது. கடன் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. பங்குதாரர் கூட்டத்தின் சிறப்புத் தீர்மானமோ, 75 சதவீதப் பங்கு வைத்திருப்பவர்களின் சம்மதமோ வேண்டும். 2023 மே முதல் இந்த விண்ணப்பங்கள் எல்லாம் ஹரியானாவின் மானேசரில் இருக்கும் மையத்துக்குத்தான் போகின்றன. உள்ளூரில் யாரையாவது பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே உதவாது.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆபீஸ் புதுச்சேரியில் இருக்கும், குடோன் முள்ளோடை தாண்டி கடலூர் மாவட்டத்தில் இருக்கும். நமக்கு ஒரே ரோடு. ஜிஎஸ்டிக்கு அது இரண்டு மாநிலம். 34-ல் தொடங்கும் புதுச்சேரி எண்ணை ரத்து செய்துவிட்டு, 33-ல் தொடங்கும் தமிழ்நாட்டு எண்ணை அப்படியே விட்டுவிடுவார்கள். அதில் ரிட்டர்ன் நிலுவை சேர்ந்துகொண்டே இருக்கும். ரத்தான பின் 3 மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்னை இரண்டு எண்ணுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். மீந்த சரக்குக்கும் மெஷினுக்கும் எடுத்த இன்புட் கிரெடிட்டை (வாங்கியபோது கொடுத்த ஜிஎஸ்டிக்காகக் கழித்துக்கொண்ட தொகை) விதிப்படி திருப்பிக் கட்ட வேண்டும் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வரும்.

பேங்க் கணக்கை அவசரப்பட்டு முதலில் மூடுவதைத்தான் இருப்பதிலேயே வீண் தவறு என்பேன். வருமான வரி ரீஃபண்ட் கம்பெனியின் பான் எண்ணோடு இணைந்த கணக்குக்குத்தான் வரும், டைரக்டரின் சேவிங்ஸ் கணக்குக்கு வராது. ரீஃபண்ட், மின்சார டெபாசிட், வரவேண்டிய பாக்கி எல்லாம் வந்து சேரட்டும். பி.எஃப், டி.டி.எஸ் எல்லாம் கட்டி முடியட்டும். பிறகு கணக்கை மூடி, விண்ணப்பத்தோடு தரும் சொத்து–கடன் பட்டியலைத் தயார் செய்யுங்கள். அது 30 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. டைரக்டரே கம்பெனிக்குக் கொடுத்த கைமாற்றும் கடன்தான். "நம்ம பணம்தானே" என்று பேலன்ஸ் ஷீட்டில் விட்டுவைக்க முடியாது. திருப்பி எடுப்பதா, தள்ளுபடி செய்வதா, வரி வருமா என்பதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வேன் கடனைக் கட்டி முடித்து, நோ டியூஸ் வாங்கி, ஆர்சி புத்தகத்திலும் பேங்க் பெயரை நீக்கியிருப்பார்கள். ஆனால் எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் அந்த அடமானம் நின்றுகொண்டிருக்கும். கடன் தீர்ந்ததைத் தெரிவிக்கும் சிஎச்ஜி-4 படிவத்தைப் போட்டு அதை நீக்காமல் எஸ்டிகே-2 போட முடியாது.

புதுச்சேரிக் குடும்பங்களில் ஒரு டைரக்டர் பிரான்சில் இருப்பது சாதாரணம். எஸ்டிகே-2 விண்ணப்பத்தோடு உறுதிமொழிப் பத்திரமும் இழப்பீட்டுப் பத்திரமும் எல்லா டைரக்டர்களும் தர வேண்டியவை. வெளிநாட்டில் இருப்பவர் அங்கேயே நோட்டரி, அப்போஸ்டில் (ஆவணம் வேறு நாட்டில் செல்லுபடியாக அந்த நாட்டு அரசு தரும் சான்று) முத்திரைகளோடு அனுப்ப வேண்டியிருக்கும். அவர் லீவில் ஊருக்கு வரும் தேதியை முதலில் கேட்டுக்கொண்டால் கூரியர் செலவும் மிச்சம், வாட்ஸப் சண்டையும் மிச்சம்.

கம்பெனி நீக்கப்பட்டதாக அரசிதழில் பெயர் வந்த பிறகும் டைரக்டர்களின் பொறுப்பு தொடரும். கடன் கொடுத்தவர் 20 ஆண்டுகளுக்குள் சென்னையில் உள்ள கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய், கம்பெனியைத் திரும்பப் பதிவேட்டில் சேர்க்கக் கேட்கலாம். அதனால் ரசீதுகளையும் நோ டியூஸ் கடிதங்களையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.