பலெர்மோவுக்குப் புதுசா வந்த ஆக்களுக்கு: பனிமலை கிட்டத்தான் இருக்கு

சிசிலி எண்டால் கடலும் வெயிலும்தான் எண்டு நினைச்சு கனபேர் குளிர்காலம் முழுக்க வீடு, வேலை, கோயில் எண்டே இருந்திடுகினம், பிள்ளையள் பள்ளிக்கூடத்தில மற்றப் பிள்ளையள் பனியில ஸ்கீ ஓட (காலில நீளப் பலகை பூட்டிச் சறுக்க) போன கதையை மட்டும் கேட்டுக்கொண்டு வருதுகள், அது எனக்குச் சரியான கவலை. பலெர்மோவில இருக்கிற மொந்தே பெல்லெக்ரீனோ மலையில சாந்தா ரொசாலியா மாதாவின்ர கோயிலுக்கு நடந்தே ஏறுற எங்கட சனத்துக்கு மலை ஒண்டும் புதுசில்லை.

முதல்ல மதோனியே மலைத்தொடரில இருக்கிற பியானோ பத்தாலியாவுக்குப் போங்கோ. உயரம் கிட்டத்தட்ட 1600 மீட்டர், காரில ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள போயிடலாம். சில வருசம் பனி காணாது, ஆக்களைச் சரிவில மேல ஏத்துற லிஃப்ட்டும் ஓடாது, அதால வெளிக்கிட முதல் விசாரியுங்கோ. விண்டர் டயர் இல்லாட்டி டயரில சுத்துற பனிச் சங்கிலியாவது காரில கட்டாயம் வையுங்கோ.

ஜீன்ஸோட போகாதேங்கோ, பருத்தி உடுப்பு நனைஞ்சால் காயாது, குளிர் எலும்புக்குள்ள ஏறும். தண்ணி ஊறாத காற்சட்டை, கையுறை, கூலிங் கிளாஸ் வேணும், பனியில பட்டுத் திரும்புற வெயில் கண்ணைச் சுடும். ஸ்கீயும் சப்பாத்தும் வாடகைக்கு எடுக்கலாம், முதல் தரமே காசு குடுத்து வாங்காதேங்கோ.

அந்தக் காசில ஒரு மாஸ்டரைப் பிடிச்சுப் பழகுங்கோ, கூட்டாளி காட்டித் தருவான் எண்டு மேல ஏறாதேங்கோ. "ஸ்பாட்சனேவே" எண்டு மாஸ்டர் கத்துவார், ஸ்கீயின்ர முன் நுனியைக் கிட்டவும் பின்பக்கத்தை அகட்டியும் வைச்சு வேகத்தைக் குறைக்கிறதுதான் அது. பயத்தில உடம்பு பின்னால சாயப் பார்க்கும், விடாதேங்கோ, பாரம் முன்னால இருந்தால்தான் ஸ்கீ உங்கட சொல்லுக் கேக்கும். நீலப் பாதை லேசு, சிவப்பு அடுத்தது, கறுப்புப் பக்கம் இப்ப போகவே வேண்டாம்.

சட்டமும் இருக்கு. 2022 இலிருந்து இத்தாலியில ஸ்கீ ஓட மற்றவைக்கு வாற சேதத்துக்கான இன்சூரன்ஸ் கட்டாயம், கன இடத்தில லிஃப்ட் பாஸோடயே எடுக்கலாம். ஹெல்மெட் பிள்ளையளுக்கு மட்டுமில்லை, பெரியாக்களும் போடுங்கோ. அவசரத்துக்கு 112.

கொஞ்சம் பழகினாப் பிறகு எட்னா எரிமலைக்குப் போங்கோ. வடக்குப் பக்கம் பியானோ ப்ரொவென்சானாவில 2002 வெடிப்பில எரிமலைக்குழம்பு லிஃப்ட்டுகளையே மூடினது, பிறகு திரும்பக் கட்டினவை, அங்க கடலைப் பாத்துக்கொண்டே சறுக்கலாம். ஆனா உச்சிப் பக்கம் வழிகாட்டி இல்லாமல் ஏறாதேங்கோ, அது இப்பவும் வெடிக்கிற மலை.

கோடையில பியானோ பத்தாலியாவில இருந்து 1979 மீட்டர் பீட்சோ கார்பொனாராவுக்கு நடக்கலாம், சுண்ணாம்புக்கல்லு மலை, தண்ணி நிக்காது, ஆளுக்கு ரெண்டு லீட்டராவது கொண்டு போங்கோ.