எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை மூடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிமெண்டிங் பிரிவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், கிணறு தோண்டும்போது காட்டும் அக்கறையில் பாதியைக்கூட மூடும்போது காட்டுவதில்லை. "கடைசி வேலைதானே சார், சிமெண்டை ஊத்திட்டுக் கிளம்பலாம்" என்பார்கள். தோண்டும்போது நேரும் பிழை பெரும்பாலும் ரிக் (தோண்டும் இயந்திரக் கோபுரம்) நிற்கும்போதே தெரிந்துவிடும். மூடும்போது நேர்வது, ரிக் போய், மேலே மண் மூடி, சுற்றிலும் நடவு முடிந்த பிறகுதான் வெளியே வரும். வால்வை மூடு, ஹெல்மெட் போடு என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை.

அடியில் தாங்கல் இல்லாமல் சிமெண்ட் வைப்பது

இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. எண்ணெய்க் கிணறுகளுக்கான ஜி வகை சிமெண்டில் அதன் எடையில் 44 சதவீதம் தண்ணீர் சேர்த்துக் கலக்கினால் குழம்பின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 1.9 மடங்கு வரும். கிணற்றில் நிற்கும் மட் (தோண்டும்போது நிரப்பும் சேற்றுக் குழம்பு) பல நேரம் 1.1, 1.2தான். கனமானது இலேசானதன்மேல் எப்படி நிற்கும்? சிமெண்ட் இறங்கும், மட் ஏறும், இரண்டும் கலந்து இறுகாத கூழாகிவிடும். சாய்வான கிணறென்றால் இன்னும் மோசம். கீழ்ப்பக்கத்தை ஒட்டி சிமெண்ட் வழிந்தோட, மேல்பக்கமாக மட் ஏறிவிடும்.

காவிரி டெல்டாவில் ஒரு பழைய எரிவாயுக் கிணறு, 7 அங்குல கேசிங் (கிணற்றின் உள்ளே பதித்த இரும்புக் குழாய்). 100 மீட்டர் உயரப் பிளக்குக்கு, அதாவது சிமெண்ட் அடைப்புக்கு, கிட்டத்தட்ட 1.9 கன மீட்டர் குழம்பு, அதாவது 50 கிலோ மூட்டையில் ஐம்பது. கணக்கும் பம்பிங்கும் சரியாகவே இருந்தன. இறுகும் நேரம் கழித்து, சிமெண்டை இறக்கப் பயன்படும் டிரில் பைப்பை இறக்கினால், பிளக்கின் தலை இருக்க வேண்டிய ஆழத்தைத் தாண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பொறுப்பில் இருந்தவர், "சிமெண்ட் பத்தலை, கூடப் போடு" என்றார். கூடப் போட்டார்கள், அதுவும் இறங்கியது. ரிக் வாடகை ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் வயர்லைனில் (கம்பிவடத்தில்) பிரிட்ஜ் பிளக் என்ற இரும்பு அடைப்பானை இறக்கி கேசிங்கில் பிடிக்க வைத்து, அதன்மேல் முதலில் போட்ட அதே ஐம்பது மூட்டையைப் போட்டார்கள். நின்றது.

பிரிட்ஜ் பிளக் இறக்க வழியில்லாத இடத்தில் கெட்டியான பெண்டோனைட் (களிமண்) குழம்பையாவது முதலில் வையுங்கள். பைப்பின் நுனியை அடைத்து, பக்கத் துளைகள் வழியே சிமெண்ட் வெளியேறட்டும். நுனி திறந்திருந்தால் பாய்ச்சல் நேராக இறங்கி, வைத்த தாங்கலையே கலைத்துவிடும்.

தள்ளும் மட்டின் அளவில் அலட்சியம்

பைப்புக்குள் இருக்கும் சிமெண்டை வெளியே தள்ள, அதன் பின்னால் மட்டைப் பம்ப் செய்வோம். 1,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிய மூன்றரை அங்குல டிரில் பைப்பின் உள்ளே சுமார் 5.8 கன மீட்டர் பிடிக்கும். பம்பின் திறனை 5 சதவீதம் தப்பாக எடுத்தாலே ஏறக்குறைய 290 லிட்டர் பிசகும். அந்த 7 அங்குல கேசிங்கில் அது சுமார் 15 மீட்டர் உயரம். கூடுதலாகத் தள்ளினால் பிளக்கின் நடுவில் மட் புகுந்துவிடும். கொஞ்சம் குறைவாகத் தள்ளி நிறுத்துங்கள்.

பைப்பை வேகமாக உருவுவது

சிமெண்டை விட்டு வெளியே வரும்வரை மெதுவாக.

எல்லா ஆழத்துக்கும் ஒரே கலவை

அடியில் சூடு, மேலே குளிர்ச்சி. அடிப் பிளக்குக்கு ரிடார்டர் (இறுகுவதைத் தாமதப்படுத்தும் பொருள்) சேர்த்த கலவை மேலே இறுகாமல் கிடக்கும். லேப் சோதனைக்குக் களத்துத் தண்ணீரையே அனுப்புங்கள். கடலோரத்து உப்புத் தண்ணீர் இறுகும் நேரத்தையே மாற்றிவிடும்.

கேசிங்குக்கு வெளியே பார்க்காதது

உள்ளே எவ்வளவு நல்ல பிளக் வைத்தாலும், கேசிங்குக்கும் பாறைக்கும் நடுவில் பழைய சிமெண்ட் விட்டுப்போயிருந்தால் வாயு அந்த வழியாக ஏறும். மேலே குடிதண்ணீர் எடுக்கும் மணல் அடுக்குகள் இருக்கின்றன. வெளிச் சிமெண்டின் பிடிப்பைக் காட்டும் சிமெண்ட் பாண்ட் லாக் என்ற பதிவை எடுக்காமல் பிளக் ஆழத்தை முடிவு செய்யாதீர்கள். பிடிப்பு இல்லையென்றால் கேசிங்கைத் துளைத்து, வெளியே சிமெண்டை அழுத்திச் செலுத்த வேண்டும்.

தொட்டுப் பார்க்காமல் கிளம்புவது

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ கிணற்றைத் தற்காலிகமாக மூடும் வேலை நடந்தது. அழுத்தத்தை இறக்கிப் பார்க்கும் சோதனையில், அழுத்தம் ஏறக் கூடாத டிரில் பைப்பில் சுமார் 1,400 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டியும், சோதனை தேறியதாக எடுத்துக்கொண்டார்கள். மேல் பிளக் வைப்பதற்கு முன்பே கனமான மட்டை வெளியேற்றிக் கடல்நீரை நிரப்பினார்கள். கிணறு பீறிட்டு வெடித்து 11 பேர் இறந்தார்கள்.

பிரிட்ஜ் பிளக்மேல் நிற்கும் சிமெண்டுக்கு அழுத்தச் சோதனை மட்டும் போதவே போதாது. அழுத்தத்தைத் தாங்கியது அடியில் இருக்கும் இரும்பாகவும் இருக்கலாம். லேப் சொன்ன நேரம் முழுதாகக் கழிந்த பிறகு டிரில் பைப்பை இறக்கி, பிளக்கின் தலையில் எடை வைத்து, நின்ற ஆழத்தை ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.