நீல ஹைட்ராஞ்சியா ரோஸ் நிறமாக மாறினால்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு ஹைட்ராஞ்சியா எல்லாமே ஒரே தாய்ச்செடியின் குச்சிகள். தேயிலைப் புதரை ஒட்டி நட்டவை நல்ல நீலமாகப் பூத்தன. புதுச் சுவரோரம் நட்ட மூன்று மட்டும் ரோஸ். தோண்டிப் பார்த்தேன். கட்டட வேலையில் மீந்த சிமெண்ட் கலவை மண்ணுக்குள் கிடந்தது.

நீலத்துக்கு வேண்டியது அலுமினியம். மண் புளிப்பாக இருந்தால்தான் அது கரைந்து வேருக்குப் போகும். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறித்துவிடும். மண்ணின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5க்குக் கீழே என்றால் நீலம், 6.5க்கு மேலே ரோஸ், இடையில் ஊதா. வெள்ளை ரகம் எந்த மண்ணிலும் நீலமாகாது, அதற்காக மெனக்கெட வேண்டாம்.

முதலில் கலவைக் கட்டிகளைப் பொறுக்கி எடுங்கள். அப்புறம் அலுமினியம் சல்பேட், 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. வேர்ப்பகுதியை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு ஊற்றுங்கள், மாதம் ஒரு முறை போதும். தொட்டிச் செடிக்குப் பாதி அளவு. அவசரப்பட்டு அதிகம் ஊற்றினால் வேர் கருகும். மொட்டு வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். விரிந்த பூவை மாற்ற முடியாது. எலும்புத்தூள், டிஏபி உரம் இரண்டையும் நிறுத்துங்கள். அவற்றிலுள்ள பாஸ்பரஸ் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுப்புச் சாம்பலும் வேண்டாம். தண்ணீரையும் பாருங்கள்: தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் அது சுண்ணாம்பு கலந்த உப்புத் தண்ணீர், மழைநீரைப் பிடித்து ஊற்றுவது நல்லது.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கைக்கு வேறு கவலை. அவள் மாடியில் மார்கழியில் ரத்தச் சிவப்பாகப் பூக்கும் ரோஜா, சித்திரையில் வெளிறிச் சின்னதாகிவிடுகிறது. இதற்கு மண் காரணமில்லை, வெயில். சிவப்பு தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி வெப்பத்தில் குறைவாகவே உருவாகும், உருவானதும் சீக்கிரம் சிதையும். அவள் உரத்தைக் கூட்டியதில் இலைதான் பெருத்தது. காலை வெயில் முழுதாகப் படட்டும், பன்னிரண்டு மணிக்கு மேல் நிழல்வலை கட்டு, தொட்டியைச் சூடேறும் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வை என்றேன். கோடையில் பழைய சிவப்பு முழுதாக வராது, அதையும் சொல்லிவிட்டேன். இரவுக் குளிர் திரும்பியதும் தானே வரும்.

என் சுவரோரச் செடிகளில் இரண்டு அடுத்த வருஷமே நீலமாகிவிட்டன. மூன்றாவது இன்னும் ஊதாதான். அதன் அடியில் கலவை ஆழமாக இருக்கிறது போல. இந்த மழைக்காலத்தில் குச்சி ஒடித்து வேறு இடத்தில் ஊன்றப் போகிறேன்.