ஜப்பானிய நிறுவனத்தில் ஒரு யோசனையை முன்வைப்பது எப்படி?

ஜப்பானிய நிறுவனத்தில் பணியில் சேரும் வெளிநாட்டவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, அங்கே முடிவுகள் பெரும்பாலும் கூட்ட அறையில் எடுக்கப்படுவதில்லை என்பதே. கூட்டம் கூடுவதற்கு முன்பே, அந்த முடிவோடு தொடர்புடைய ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்து, அவர்களுடைய ஐயங்களைக் கேட்டு, திட்டத்தைத் திருத்திக்கொள்ளும் ‘நெமவாஷி’ என்னும் வழக்கம் அங்கு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆகவே, புதிய மென்பொருள் ஒன்றை வாங்கப் பரிந்துரைக்க விரும்பினால், நேராகத் துறைத் தலைவரிடம் செல்லாமல், அதை அன்றாடம் பயன்படுத்தப்போகும் சக ஊழியர்களிடமும், செலவைக் கவனிக்கும் கணக்குப் பிரிவினரிடமும் முதலில் பேசுங்கள். அதன்பின் ‘ரிங்கிஷோ’ எனப்படும் ஒப்புதல் ஆவணம் கீழ்நிலையிலிருந்து மேல்நிலை வரை கைமாறி, ஒவ்வொருவருடைய முத்திரையையும் பெறும்; இப்போது பல நிறுவனங்களில் இது கணினி வழியாகவே நடக்கிறது. தாமதமாகத் தோன்றினாலும், ஒப்புதல் கிடைத்தபின் எதிர்ப்பின்றி வேலை நகர்வதால், இந்தப் பொறுமை வீணாவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

“பரிசீலிக்கிறோம்” என்ற பதில் வந்தால் அதைச் சம்மதமாகக் கொள்ளாதீர்கள்; பல வேளைகளில் அது நாசூக்கான மறுப்பே. பெயர் அட்டையை எழுந்து நின்று, இரு கைகளாலும், எழுத்துகள் பெறுபவரை நோக்கியிருக்கும்படி நீட்டுங்கள். பெற்ற அட்டைகளை உடனே சட்டைப் பையில் திணிக்காமல், சந்திப்பு முடியும் வரை, எதிரில் அமர்ந்திருப்போரின் வரிசைப்படி மேசைமேல் வைத்திருப்பது முறை. பணியில் பிழை நேர்ந்தால், தீர்வு கண்டபின் சொல்லலாம் என்று காத்திராமல், மேலாளரிடம் உடனடியாகத் தெரிவியுங்கள்.