இரண்டாவது ஓஎஸ் போட்டதும் டிரைவைக் காணோமா? டெஸ்ட்டிஸ்க்கில் மீட்கும் முறை

விண்டோஸ் உள்ள கணினியில் லினக்ஸ் நிறுவும்போது பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரிக்கும்) திரையில் ஒரு தவறு நடந்தால் போதும், டி டிரைவ் மாயமாகிவிடும். பல நேரங்களில் அழிவது எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பார்ட்டிஷன் அட்டவணை மட்டும்தான். எம்பிஆர் என்ற பழைய அட்டவணை முறையில் அது வெறும் 64 பைட்: பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் 4 பதிவுகள். மேலே வேறு எதுவும் எழுதப்படாத வரை ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதனால் அந்த டிஸ்க்கிலிருந்து இனி பூட் செய்ய வேண்டாம். விண்டோஸ் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டவே கூடாது. அது 'சரிசெய்கிறேன்' என்று எழுதத் தொடங்கிவிடும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பூட் மெனுவில் விண்டோஸ் பெயர் மட்டும் இல்லையென்றால் பார்ட்டிஷன் போய்விட்டது என்று அர்த்தமில்லை. லினக்ஸின் பூட் மெனுவைக் காட்டும் க்ரப்பில், 2.06 பதிப்பு முதல் மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும், காரணம் அதுவாக இருக்கலாம்.

படி 1. வேறொரு கணினியில் உபுண்டு லைவ் பென் டிரைவ் தயார் செய்து, நிறுவாமல் 'ட்ரை' முறையில் பூட் செய்யுங்கள். உபுண்டுவின் 'யூனிவர்ஸ்' மென்பொருள் களஞ்சியத்தை இயக்கி, தொலைந்த பார்ட்டிஷனை மீட்கும் மென்பொருளான டெஸ்ட்டிஸ்க்கை நிறுவுங்கள்.

படி 2. முக்கியமான தரவு என்றால், அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்கில் டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ கொண்டு முழு நகல் எடுத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள். டிஸ்க்கில் கடகட சத்தம் வந்தால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது.

படி 3. டெர்மினலில் டெஸ்ட்டிஸ்க்கை சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) திறந்து, புதிய பதிவுக் கோப்பு தொடங்க 'க்ரியேட்' தேர்ந்தெடுங்கள். டிஸ்க் பட்டியலில் அளவையும் மாடல் பெயரையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்; பென் டிரைவும் அதே பட்டியலில்தான் நிற்கும். அட்டவணை வகையை அதுவே ஊகித்துக் காட்டும். யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) கணினியென்றால் பெரும்பாலும் ஜிபிடி என்ற புதிய அட்டவணை வகை.

படி 4. 'அனலைஸ்', பிறகு 'குயிக் சர்ச்'. பழைய பார்ட்டிஷன் பட்டியலில் வந்ததும் அதன் மேல் நின்று பி (P) விசையை அழுத்துங்கள். உங்கள் ஃபோல்டர் பெயர்கள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்றும் வரவில்லையென்றால் என்டர் தட்டி 'டீப்பர் சர்ச்' கொடுங்கள். பெரிய டிஸ்க்கில் மணிக்கணக்காகும்.

படி 5. அட்டவணையை எழுதும் முன்பே ஃபைல்களை வெளியே எடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஃபைல் பட்டியலில் முக்காற்புள்ளியால் குறியிட்டு, பெரிய எழுத்து சி (C) அழுத்தி, வேறு டிஸ்க்கில் சேமிக்கும் இடத்துக்குப் போய் மறுபடி பெரிய சி.

படி 6. மீட்க வேண்டிய பார்ட்டிஷனை இட-வல அம்புக்குறியால் டி (D) என்ற 'அழிக்கப்பட்டது' நிலையிலிருந்து பி (P) நிலைக்கு மாற்றுங்கள். 'ஸ்ட்ரக்சர்: பேட்' என்று வந்தால் இரண்டு பார்ட்டிஷன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன என்று அர்த்தம், ஒன்றை டி ஆக்கியே தீர வேண்டும். பட்டியலில் டி நிலையில் இல்லாதவை மட்டுமே மிஞ்சும், ஆகவே விண்டோஸ் பார்ட்டிஷனும் (யுஇஎஃப்ஐ கணினியில்) பூட் ஃபைல்கள் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனும் அதில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகே 'ரைட்' (Write). பின்பு ரீபூட்.

பழைய டிரைவின் தொடக்கத்திலேயே லினக்ஸ் உட்கார்ந்துவிட்டால் நிலைமை வேறு. விண்டோஸ் டிரைவ்களின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ்ஸில் எல்லா ஃபைல்களின் பெயரையும் இடத்தையும் வைத்திருக்கும் எம்எஃப்டி, வழக்கமாக 786432-ஆவது க்ளஸ்டரில் (டிரைவின் இடத்தைப் பிரிக்கும் சிறு துண்டு) தொடங்கும். 4 கேபி க்ளஸ்டர் என்றால் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தூரம். 25 ஜிபி லினக்ஸ் அதை மிதித்திருந்தால் ஃபோல்டர் அமைப்பு திரும்பாது. என்டிஎஃப்எஸ் வைத்திருக்கும் எம்எஃப்டி நகலில் முதல் 4 பதிவுகள் மட்டுமே உண்டு. அப்போது டெஸ்ட்டிஸ்க்கோடு வரும் ஃபோட்டோரெக்தான் வழி. படங்களும் ஆவணங்களும் கிடைக்கும், பெயர்கள் போயிருக்கும்.

எஸ்எஸ்டியில் இன்னும் கடினம். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபார்மேட் இயல்பாகவே அந்தப் பார்ட்டிஷனின் இடம் முழுவதையும் ட்ரிம் செய்கிறது, அதாவது அங்குள்ள தரவு இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டியிடம் சொல்லிவிடுகிறது. அந்தப் பகுதியில் ஃபோட்டோரெக் ஓட்டினாலும் பெரும்பாலும் வெறும் பூஜ்ஜியங்களே மிஞ்சும்.