மொட்டை மாடியில் காந்தாரி மிளகாய்: விதையிலிருந்து காய் வரை

மாமியாருக்கு நாகர்கோவில் பக்கம். மரவள்ளிக்கிழங்கு அவித்தால், தொட்டுக்கொள்ள காந்தாரி மிளகாய் (குட்டியாக, காரம் தூக்கலாக இருக்கும் வகை) நசுக்கியே ஆக வேண்டும். சென்னையில் அது நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. அதற்காகத்தான் பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடியில் விதை போட ஆரம்பித்தேன். முதல் இரண்டு முறையும் சரியாக வரவில்லை. மூன்றாம் முறை பிழைத்த செடிகளில் ஒன்று இது மூன்றாவது வருடமாகக் காய்க்கிறது.

எப்போது போடுவது? ஆடிப்பட்டம்தான். ஜூலை நடுவில் விதைத்தால் செப்டம்பரில் செடி வளர்க்கும் பைக்கு மாற்றலாம். மழைக்காலத்தில் செடி வளர்ந்து நிற்கும், மார்கழி குளிரில் பூக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஆசைப்பட்டு ஆரம்பிக்காதீர்கள். அக்னி வெயிலில் நன்றாக இருக்கும் செடியே பூவை உதிர்த்துவிடும்.

விதைக்கு நன்றாகச் சிவந்த பழம் வேண்டும். பிளந்து, விதையை நிழலில் நான்கு நாள் காயவையுங்கள். கையுறை போடுங்கள். இல்லாவிட்டால் அன்று ராத்திரி கண்ணைக் கசக்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள். (கை எரிந்தால் தண்ணீரில் கழுவிப் பயனில்லை, காரம் எண்ணெயில்தான் கரையும். சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போடுங்கள்.) விதைக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறட்டும். மிதக்கும் விதை எல்லாம் பதர் என்று தூக்கிப் போடச் சொல்வார்கள். நான் போடுவதில்லை. காய்ந்த மிளகாய் விதை முதலில் மிதக்கத்தான் செய்யும். ஈர டிஷ்யூவில் சுற்றி முளைக்க வைப்பதும் எனக்குப் பிடிக்காது. பிரித்து எடுக்கும்போது வேர் ஒடிந்துவிடுகிறது.

நேராகக் குழித்தட்டில் (நாற்று வளர்க்கும், சிறு குழிகள் உள்ள தட்டு) போடுங்கள். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்ததும் அப்படியே எடுத்துவிடாதீர்கள், அதில் உப்பு இருக்கும். டீ நிறத்தில் வரும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மூன்று முறை அலசுங்கள். ஒரு குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம், அவ்வளவுதான்.

இனி நான் விழுந்த இடம்.

நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் குளிர் நாடுகளில் எடுத்தவை. தட்டுக்கு அடியில் சூடாக்கும் பாய், மேலே பிளாஸ்டிக் மூடி. பாய்க்குக் காசில்லை, சரி மூடியாவது போடுவோம் என்று மொட்டை மாடியில் மூடி வைத்தேன். பன்னிரண்டு நாள் கழித்துக் கிளறிப் பார்த்தால் விதைகள் கூழாக இருந்தன. முளைக்க 25 முதல் 30 டிகிரி போதும். நம் ஊரில் அந்தச் சூடு வீட்டுக்குள் சும்மா கிடைக்கிறது. வெயிலில் மூடி போட்டு நான் விதையை வேகவைத்திருக்கிறேன்.

அடுத்த முறை தட்டை வாஷிங் மெஷின் பக்கத்தில் நிழலில் வைத்து, ஈர நியூஸ்பேப்பரால் மூடினேன். பதினேழாம் நாள் கொக்கி கொக்கியாகத் தலை காட்டின. காந்தாரி மெதுவாகத்தான் வரும். குண்டு மிளகாய், நீள மிளகாய் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். காந்தாரிக்கும் நாகா மிளகாய்க்கும் ஒரு மாதம்கூட ஆகலாம். முளைத்த சந்தோஷத்தில் காலை, மாலை இரண்டு வேளையும் பூவாளியால் தண்ணீர் ஊற்றினேன். ஒரு வாரத்தில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் மாதிரி மெலிந்து, நாற்றுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. முப்பதில் எட்டுதான் மிச்சம். நாற்றழுகல் நோய். மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

இப்போது செய்வது இதுதான். முதல் முளை தெரிந்த அன்றே பேப்பரை எடுத்துவிட்டு, காலை வெயில் இரண்டு மணி நேரம் படும் இடத்துக்குத் தட்டை மாற்றுகிறேன். இருட்டில் விட்டால் தண்டு நீண்டு சோனியாகிவிடும். தண்ணீர் மேலே ஊற்றுவதே இல்லை. ஒரு தாம்பாளத்தில் அரை அங்குலம் தண்ணீர் விட்டு, குழித்தட்டை அதில் இருபது நிமிடம் வைத்து எடுத்துவிடுகிறேன். அடுத்த தண்ணீர் எப்போது என்பதைக் கைதான் சொல்லும்: தட்டைத் தூக்கினால் லேசாக இருக்க வேண்டும், மேல்பரப்பு வெளுத்திருக்க வேண்டும். விதைக்கும்போதே கலவையில் ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் தூள் (பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் நன்மை செய்யும் பாக்டீரியா) சேர்ப்பதும் உண்டு.

ஆறு இலை வந்ததும் ஒரு சாயங்கால நேரமாகப் பார்த்து 12 அங்குலப் பைக்கு மாற்றுங்கள். செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் சம அளவு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. பத்து நாள் பச்சை நிழல்வலைக்குக் கீழே இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களில் பையைச் சன்ஷேடுக்கு அடியில் இழுத்து வைத்துவிடுங்கள். பைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தால் தண்ணீர் தேங்காது, தளமும் ஓதம் காணாது. விதை போட்டதிலிருந்து ஐந்தாறு மாதத்தில் வானத்தைப் பார்த்தபடி காய்கள் நிற்கும்.

பின்சேர்க்கை 1: ஆர்.ஓ. மெஷின் கழிவுநீரை ஊற்றலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. போர் தண்ணீரே உப்பாக இருக்கும் தெருக்களில் மிளகாய் இலை நுனி கருகும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுங்கள், அதில் உப்பு இல்லை.

பின்சேர்க்கை 2: மளிகைக் கடை வரமிளகாய் விதை முளைக்குமா? வெயிலில் காய்ந்த புது மிளகாயாக இருந்தால் பெரும்பாலும் முளைக்கும். ராமநாதபுரம் குண்டு மிளகாயில் எனக்குப் பத்துக்கு ஆறு வந்தது. பழைய சரக்கு என்றால் நேரம்தான் வீண்.

பின்சேர்க்கை 3: இலை சுருட்டலுக்கு எல்லோரும் ஒரே மருந்து கேட்கிறார்கள். முதலில் இலையைப் பாருங்கள். மேல்பக்கமாகச் சுருண்டால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். இரண்டுக்குமே ஆரம்பத்தில் வேப்பெண்ணெய் கேட்கும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கரைய நாலு சொட்டு சோப்புக் கரைசல், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. வேளச்சேரியிலிருந்து ஒருவர் மத்தியான வெயிலில் அடித்து இலையெல்லாம் கருகிப்போன படம் அனுப்பியிருந்தார். நேரம் எழுதாதது என் தப்பு. வெயில் இறங்கி ஐந்தரை மணிக்கு மேல் அடியுங்கள்.