பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு: வீட்டில் ‘எடுத்துக்கொடுக்கும்’ முறை

மூளையின் இடப்பக்கம் அடிபட்டு, நாம் பேசுவது புரிந்தும் வாயில் வார்த்தை வராமல் தவிப்பவர்களுக்கான பயிற்சி இது. நாக்கு தளர்ந்து குழறுவது வேறு கோளாறு, அதற்குப் பயிற்சியும் வேறு. எது என்று பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

டிவியை நிறுத்துங்கள். மூக்குக்கண்ணாடி, காது மிஷின் இருந்தால் போட்டுவிடுங்கள். காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம். சோர்ந்துவிட்டால் அதற்கு முன்பே முடித்துவிடலாம்.

எல்.கே.ஜி. அட்டைகள் வேண்டவே வேண்டாம். காலமெல்லாம் குறுவையும் சம்பாவும் பார்த்த மனிதரிடம் ஆப்பிள் படத்தை நீட்டுவது அவரைச் சிறுமைப்படுத்துவது. டபரா, மண்வெட்டி, மடை, திண்ணை, பேத்தி என்று அவர் புழங்கும் பத்தைப் போனில் படமெடுத்து, அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போடுங்கள். சிலருக்கு வலப்பக்கப் பார்வை குறைந்திருக்கும். படத்தைச் சற்று இடப்பக்கம் பிடியுங்கள்.

மடைப் படத்தைக் காட்டி, “இது என்னப்பா?” என்று ஒரே முறை கேளுங்கள். பிறகு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். எல்லோரும் சறுக்குவது இங்கேதான். மூன்றாவது விநாடியிலேயே “சொல்லுங்கப்பா, ம... ம...” என்று ஆரம்பித்துவிடுகிறோம். அவர் தேடிக்கொண்டிருந்த வார்த்தை அதோடு நழுவிவிடும், திரும்ப முதலிலிருந்து தேட வேண்டும்.

பத்து எண்ணியும் வரவில்லையா? “வயலுக்குத் தண்ணி விட எதைத் திறப்பீங்க?” அதற்கும் வராவிட்டால், “வயல் ரொம்பிடுச்சு, போய் அந்த...” என்று பாதியில் நிறுத்துங்கள். அடுத்ததுதான் முதல் எழுத்து: உங்கள் உதடு அவருக்குத் தெரியும்படி ‘ம்ம்’ என்று பிடித்து நில்லுங்கள். கடைசியாக இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் அதே பத்து எண்ணிக்கை. வார்த்தை வந்ததும் மூன்று முறை சொல்ல வைத்து, ஐந்து நிமிடம் கழித்து அதே படத்தை மறுபடி காட்டுங்கள். எந்தப் படியில் வந்தது என்று நோட்டில் குறியுங்கள். முன்னேற்றம் அதில்தான் தெரியும்.

‘வாய்க்கால்’ என்று சொன்னால் தப்பு என்று வெட்டாதீர்கள், பக்கத்தில் வந்துவிட்டார். “ஆமா, வாய்க்கால்லதான் இருக்கு” என்று அங்கிருந்து தொடருங்கள்.

வாக்கியத்துக்கு ராகம் உதவும். 1973இல் அமெரிக்காவில் அறிமுகமான முறை இது. “தண்ணி வேணும்” என்பதற்கு அவருடைய இடது கையால் நான்கு தட்டு. ‘தண்’, ‘வே’ உயர்ந்து, ‘ணி’, ‘ணும்’ தாழ்ந்து. முதலில் முனகல், பிறகு சேர்ந்து பாடுதல், அப்புறம் நடுவில் உங்கள் குரலை மட்டும் நிறுத்துங்கள். கடைசியில் “என்ன வேணும்?” என்று கேளுங்கள்.

பிறகு சேர்த்தது: “ஒண்ணுலேருந்து பத்து வரை கடகடன்னு சொல்றார், ஏழைக் காட்டினா முழிக்கிறார், அடம் பிடிக்கிறாரா?” என்று பலர் கேட்டார்கள். அடமே இல்லை. பழகிய வரிசை தானாக ஓடும். தனி வார்த்தையைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஒன்றிலிருந்து கூடவே எண்ணி, ஆறில் நீங்கள் நிறுத்துங்கள்.

எதைக் காட்டினாலும் முன்பு சொன்ன ‘மடை’யே திரும்பத் திரும்ப வந்தால், படங்களைக் கவிழ்த்து வைத்து ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். அடுத்து மடைக்குச் சம்பந்தமே இல்லாத படம், டபராவோ பேத்தியோ.